கேட்டுவிட்டு உட்காருகிறவர்

என் பேச்சை நிறுத்த இந்த ஊரில் ஆள் கிடையாது. சிம்மக்கல்லில் மூட்டை தூக்கிய காலத்திலும் பேசினேன். விளாங்குடியில் சொந்தமாகக் கட்டடம் கட்டி, கீழே பைப்பும் மோட்டாரும் டேங்கும் விற்கும் கடை போட்டு, வாசலில் என் பெயரை லைட் போட்டு மாட்டிய பிறகும் பேசினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதையும் மறைத்ததில்லை, சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட என்னை ஒரு டீச்சர் வாயடைக்க வைத்தார். சண்டை போடவில்லை, சத்தம் போடவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் நான் மறுபடியும் பேனர் கட்டிவிட்டதாக நினைப்பார். பேனர் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்று கோடைக்கு முன்னால் என் மாடி ஹாலைக் கேட்டு வந்தார். அதுவரை அங்கே பழைய டேங்குகளைப் போட்டு வைத்திருந்தேன். ஒரு தனியார் பள்ளியில் கணக்கும் அறிவியலும் எடுத்தவர். பழங்காநத்தத்தில் வீடு. அங்கிருந்து வெயிலில் ஸ்கூட்டியில் வந்திருந்தார். மே மாதம் முழுக்கக் காலையில் பிள்ளைகளுக்கு சம்மர் கேம்ப் நடத்தவேண்டும் என்றார்.

"எம்புட்டு பிள்ளைக வரும் டீச்சர்?"

"ஆறு பேர் ஐயா."

"ஆறு பேருக்கா இம்புட்டு பெரிய ஹாலு? அறுபது பேரை உக்கார வைக்கலாமே."

"வைக்கலாம். அறுபது பேர் இருந்தா நான் கேள்வி கேட்டதும் யாராவது ஒருத்தர் பதில் சொல்லிருவாங்க, மத்தவங்க தப்பிச்சிருவாங்க. ஆறு பேர்னா ஒருத்தரும் தப்பிக்க முடியாது."

வியாபாரம் தெரியாத அம்மா என்று நினைத்துக்கொண்டேன். ஹாலைக் கொடுத்தேன். என் பேத்தி யாழினியையும் சேர்த்துவிட்டேன். ஆறாம் வகுப்புக்குப் போகிற பிள்ளை. வாயில் என்னைக் கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் சொல்வார்கள்.

டீச்சரிடம் ஒரு பழக்கம் இருந்தது. மற்ற வாத்தியார்கள் நின்றுகொண்டு கேள்வி கேட்பார்கள், பதில் வரும்வரை நின்றுகொண்டே மிரட்டுவார்கள். இவர் நின்றபடி கேட்பார், கேட்டு முடித்ததும் உட்கார்ந்துவிடுவார். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வார். கடிகாரம் பார்க்கமாட்டார், செருமமாட்டார், பாதிப் பதிலை எடுத்துக் கொடுக்கமாட்டார். நிச்சயம் வரப்போகிற பஸ்ஸுக்கு உட்கார்ந்திருப்பவர் மாதிரி இருப்பார். பிள்ளை முழித்தால் ஒன்றுதான் சொல்வார். "யோசி. நான் இருக்கேன்."

அதற்கு மேலும் வரவில்லை என்றால் பிள்ளை "தெரியாது" என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் திட்டு இல்லை, மற்ற ஐந்து பேரும் கை தட்டவேண்டும். சுவரில் இருந்த வெள்ளைப் பலகையில் 'தெரியாதவை' என்று தலைப்புப் போட்டு அந்தக் கேள்வியையும் பக்கத்தில் அந்த ஆளின் பெயரையும் எழுதுவார்கள். தெரியாது என்று சொன்ன ஆளேதான் பதிலைத் தேடிக்கொண்டு வரவேண்டும். தெரிந்தவர்கள் சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதுதான் அந்த கேம்ப்பின் சட்டம்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. நான் வளர்ந்த சிம்மக்கல்லில் கடைக்காரன் வாயில் 'இல்லை' வரக்கூடாது. சரக்கு இல்லாவிட்டாலும் "வந்துரும்ண்ணே, வண்டி கிளம்பிருச்சு" என்போம். விலை தெரியாவிட்டாலும் ஒரு விலை சொல்வோம். இல்லை என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்தப் பாடத்தில்தான் நான் முதலாளி ஆனேன். இங்கே என்னடா என்றால் தெரியாது என்பதற்குக் கை தட்டல்.

முதல் வாரத்திலேயே ஒருநாள் பார்க்கப் போனேன். என் கடையிலிருந்து வாங்கிப்போன பைப் துண்டுகளை மேஜையில் வைத்திருந்தார். ஓர் அங்குல பைப்பில் வருகிற தண்ணீர் அரை அங்குல பைப்பில் வரவேண்டுமென்றால் எத்தனை அரை அங்குல பைப் வேண்டும் என்று கேட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் "ரெண்டு" என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு பிள்ளை பைப்பின் வாயைத் தாளில் வைத்து வட்டம் போட்டது. இன்னொன்று அதற்குள் சின்ன வட்டம் போட்டுப் பார்த்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நாலுடா. நாலு பைப்பு வேணும்" என்றேன் வாசலிலிருந்து.

சரியான பதில். பாராட்டுவார் என்று நின்றேன். பென்சில் பிடித்திருந்த பிள்ளை பென்சிலைக் கீழே வைத்தது. டீச்சர் எழுந்தார்.

"சரிதான் ஐயா. நாலுதான்" என்றார். பிறகு தாளில் இருந்த வட்டங்களைப் பார்த்தார். "இப்ப இவங்களுக்குச் செய்ய ஒண்ணும் இல்லாமப் போச்சு."

திட்டியிருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். தப்பான பதில் சொல்லி அவமானப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சரியான பதிலைச் சொல்லிவிட்டு முகம் சுருங்கி மாடிப்படி இறங்கியது நான் ஒருவனாகத்தான் இருக்கும்.

இதற்கு முந்தியதுதான் பேனர். கேம்ப் தொடங்குவதற்கு முதல் நாள் ஆசையாக ஒன்று அடித்துக் கட்டினேன். மதுரையில் காதுகுத்துக்கே தெரு நீளத்துக்கு பேனர் கட்டுகிறோம், படிப்புக்குக் கட்டக்கூடாதா? முழு உயரத்தில் வெள்ளை வேட்டியோடு என் படம். தலைக்கு மேல் 'கல்விக் காவலர்'. ஓரத்தில் யாழினி படம். டீச்சர் படம் கேட்டுக் கொடுக்காததால் ஒரு புத்தகத்தின் படம். மறுநாள் காலை அவர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார்.

"ஐயா, இதைப் படிக்கிறவங்க யாரு பாடம் எடுக்கிறதா நினைப்பாங்க?"

கேட்டுவிட்டு என் கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் ஏதேதோ சொன்னேன். விளம்பரம் வேண்டும், நம்ம ஏரியாவில் என் முகத்துக்கு ஒரு மதிப்பு இருக்கிறது, போஸ்ட்மேனிலிருந்து கவுன்சிலர் வரை என்னைத் தெரியும் என்றெல்லாம். எல்லாவற்றையும் கேட்டார். தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பேசப்பேச என் பேச்சே எனக்குச் சத்தமாகக் கேட்டது. லோடு இறக்கிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, "டேய், அதை அவுத்து மடிச்சு வைடா. காத்துல கிழிஞ்சிரும்" என்றேன். அன்றைக்கு இலை அசையவில்லை.

இப்போது பி.இ.யைப் பற்றிச் சொல்லவேண்டும். என் கடையில் பில் போடுவது, கம்பெனிக்கு ஆர்டர் சொல்வது, மோட்டாரில் கோளாறு வந்தால் எந்த பாகம் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அவன்தான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவன். என் மகன் வேலைக்குச் சேர்த்தான். சேர்ந்த அன்றைக்கு "என்னப்பா படிச்சிருக்க?" என்று கேட்டேன். "பி.இ.ண்ணே" என்றான். அன்றிலிருந்து அவன் பி.இ.தான். லோடுமேனுக்கும் பி.இ., வாடிக்கையாளருக்கும் பி.இ. கடைக்குப் புதிதாக யார் வந்தாலும் அவனைக் கையைக் காட்டி ஒன்று சொல்வேன்.

"இவன் பி.இ., நான் மூணாப்பு. யாரு யாரை அண்ணேங்கிறான்னு கேளுங்க."

சொல்லிவிட்டு விரலைச் சொடுக்குவேன். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவனும் பில்லைப் பார்த்துக்கொண்டே சிரிப்பான். எத்தனை வருஷமாகச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கில்லை.

அவன் மகளும் கேம்ப்பில் ஓர் ஆள். கனிஷ்கா என்று பெயர். என்னைக் கேட்டுச் சேர்க்கவில்லை. டீச்சர் அந்தப் பிள்ளையை ஒரு கணக்குப் போட வைத்துப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். முதல் வாரம் ஒழுங்காக வந்தது. இரண்டாவது வாரம் நடுவில் நின்றுவிட்டது.

எனக்கு அதில் ஒரு வசதி இருந்தது. காண்ட்ராக்டர் ஒருவர், என் கடையின் பெரிய வாடிக்கையாளர், தன் பேரனுக்கு இடம் கேட்டிருந்தார். நானும் 'இல்லை' சொல்லத் தெரியாதவன். "அனுப்புங்க மாப்ள, நம்ம கட்டடம்தானே" என்றிருந்தேன். உடனே மாடிக்குப் போனேன். ஐந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது இடத்தில் பாய் விரித்து, அதன்மேல் தாளும் பென்சிலும் வைத்திருந்தது.

"டீச்சர், ஒரு இடம் காலியாயிருச்சு போல. நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்."

"காலியாகல ஐயா. கனிஷ்கா இன்னும் வரல."

"அது வராது டீச்சர். ரெண்டு நாளாச்சு."

"வருவா. நான் இருக்கேன்" என்றார். பிறகு, "கனிஷ்கா ஏன் வரலைன்னு நினைக்கிறீங்க ஐயா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

நான் பேசினேன். வெயில் காய்ச்சலாக இருக்கும் என்றேன். ஊருக்குப் போயிருக்கும் என்றேன். பொம்பளைப் பிள்ளையை இவ்வளவு தூரம் யார் அனுப்புவார்கள் என்றேன். ஒவ்வொன்றுக்கும் அவர் அதே முகத்தோடு காத்திருந்தார். சரக்கு தீர்ந்தது. கீழே லாரியிலிருந்து பைப் இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது. இந்த அமைதி எனக்காக இல்லை என்பது கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவர் என்னைப் பார்த்துக் கேட்டாரே தவிர, காத்திருந்தது என் பேத்திக்காக.

"நான்தான் சொன்னேன்" என்றாள் யாழினி.

ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவளே மேலே சொன்னாள். "நான் போட்ட கணக்கு தப்புன்னு சொன்னா. அதான் சொன்னேன். உங்கப்பா பி.இ., எங்க தாத்தா மூணாப்பு. யாரு யாரை அண்ணேங்கிறான்னு கேளுன்னேன்."

சொல்லி முடித்ததும் அவள் விரல் தானாகச் சொடுக்கியது. என் விரல். என் குரலில் இருக்கிற இழுப்புகூட அப்படியே இருந்தது.

வழக்கமாக அந்த வரிக்குச் சிரிப்பேன். அன்றைக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்தது. மற்ற நான்கு பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. ஆள் இல்லாத அந்தப் பாயைத் தாண்டி வாசலுக்குப் போகவேண்டியிருந்தது. சுற்றிக்கொண்டு போனேன்.

கீழே பி.இ. கல்லாப் பக்கம் நின்று வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தான். அவனிடம் என்னவோ சொல்லவேண்டும் என்றுதான் இறங்கினேன். வாயைத் திறந்தால் வந்தது இதுதான்.

"டேய் பி.இ., நாளைக்கு உம்மகளை மாடிக்கு அனுப்பு."

"சரிங்கண்ணே."

ஏன் என்று அவன் கேட்கவில்லை. மறுநாள் அந்தப் பிள்ளை வந்தது. ஆர்டர் போட்டால் சரக்கு வருவதுபோல வந்தது. பாயில் உட்கார்ந்து கணக்குப் போட்டது. சிரிக்கவில்லை. யாழினி தன் ரப்பரை அதன் பக்கம் தள்ளி வைத்தாள். அது எடுக்கவில்லை.

சனிக்கிழமைகளில் பாடம் கிடையாது. யாராவது ஒரு பெரிய ஆளைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். பிள்ளைகள் கேட்பதற்கு அவர் பதில் சொல்லவேண்டும். சட்டம் பெரியவர்களுக்கும் அதேதான். அதற்கு முந்தின வாரம் வந்த ஈ.பி. லைன்மேன், மின்னல் ஏன் வளைந்து வளைந்து வருகிறது என்ற கேள்விக்குத் தெரியாது என்று சொல்லிக் கைதட்டு வாங்கிக்கொண்டு போனார். இந்த வாரம் நான். டீச்சர் என்னைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள் சீட்டில் எழுதிக் கேட்ட பெயர்களில் என் பெயரும் இருந்ததாகச் சொன்னார். நமக்குத்தான் பதில் இல்லாத கேள்வியே கிடையாதே என்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

நன்றாகத்தான் போனது. எப்படி முதலாளி ஆனீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். சிம்மக்கல்லில் தொடங்கி விளாங்குடி வரை கொண்டுவந்தேன். டேங்க்கை ஏன் கறுப்பாகச் செய்கிறார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. அதற்கும் சொன்னேன். பிறகு கனிஷ்கா கையைத் தூக்கியது.

"எங்கப்பா பேரு என்ன தாத்தா?"

"நம்ம பி.இ.யா?" என்று சிரித்தேன்.

"அது படிப்பு தாத்தா. பேரு?"

குத்திக் கேட்கவில்லை. அந்த வயசுப் பிள்ளைக்கு அப்படிக் கேட்கவும் வராது. எனக்குத் தெரியுமா என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. சுவரோரம் நின்றிருந்த டீச்சர் உட்கார்ந்தார்.

"யோசிங்க ஐயா. நான் இருக்கேன்."

யோசித்தேன். இதே பிள்ளையின் காதுகுத்துக்குப் போய் முதல் வரிசையில் சாப்பிட்டிருக்கிறேன். வாசலில் கட்டியிருந்த பேனரில் என் படம் இருந்தது நினைவுக்கு வந்தது. கூலிங் கிளாஸ் போட்ட படம். அதற்குப் பக்கத்தில் அவன் படமும், கீழே அவன் பெயரும் இருந்திருக்கவேண்டும். என் படம் எத்தனை பெரிது என்று பார்த்தேனே தவிர அந்தப் பக்கம் கண் போகவில்லை. சம்பளம் என் மகன் பேங்க்கில் போடுகிறான். போனில்கூட அவன் நம்பரை 'BE' என்றுதான் பேத்தி போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

"இந்தா, நாக்குல நிக்குது. வந்துரும்" என்றேன்.

சொன்ன பிறகுதான் கேட்டது, கடையில் இல்லாத சரக்குக்குச் சொல்கிற அதே வார்த்தை. அந்தப் பிள்ளை தன் அப்பா பெயர் வருமா என்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சரைப் பார்த்தேன், காப்பாற்றுவார் என்று. அவர் யாரையும் அப்படிக் காப்பாற்றுகிறவர் இல்லை. அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏளனம் இல்லை. வரும் என்று நம்புகிறவர் மாதிரியே இருந்தார். அதுதான் தாங்கமுடியவில்லை.

"தெரியாது" என்றேன்.

பிள்ளைகள் கை தட்டினார்கள். சட்டப்படி தட்டினார்கள். கல்யாண மேடைகளிலும் கடைத் திறப்புகளிலும் எனக்கு எவ்வளவோ பேர் கை தட்டியிருக்கிறார்கள். அந்த ஆறு ஜோடிச் சின்னக் கைகள் தட்டியதுபோல எதுவும் என்னைச் சுட்டதில்லை. அன்றைக்குப் பலகையில் எழுதும் முறை யாழினியுடையது. தலையைத் தூக்காமல் போய், லைன்மேனின் மின்னலுக்குக் கீழே எழுதினாள்: 'கனிஷ்கா அப்பாவின் பெயர் - தாத்தா.'

மாடிப்படி இறங்கும்போது டீச்சர் வாசல்வரை வந்தார். ஆறுதல் சொல்வார் என்று நினைத்தேன். "திங்கட்கிழமை வாங்க ஐயா" என்றார்.

ஞாயிறு முழுக்க வீட்டில் இருந்தேன். என் மகனை ஒரு போன் போட்டுக் கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். போனைக் கையில் எடுத்தேன். யாழினி எதிரில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தாள். டி.வி.யைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தாள். அவளுக்கும் அந்தப் பெயர் தெரியும். சட்டப்படி சொல்லவில்லை. போனை வைத்துவிட்டேன். இந்தப் பதிலை வாங்கவேண்டிய கடை வேறு என்று எனக்கே தெரிந்திருந்தது.

திங்கட்கிழமை காலையில் அவன் எனக்கு முன்னால் வந்து ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தான். லோடுமேன்கள் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். தனியாக உள்ளே கூப்பிட்டுக் கேட்கலாம் என்று நினைத்தேன். எல்லோர் முன்னாலும்தானே இத்தனை வருஷம் கூப்பிட்டேன்.

"ஒம்பேரு என்னப்பா?"

அவன் திரும்பிப் பார்த்தான். "என்னண்ணே, காலையிலயே" என்று சிரித்தான்.

"கோர்ட்டுல கூப்பிடுறாப்புல கேக்குறாரு பாரு" என்றான் ஒரு லோடுமேன். "பி.இ.ண்ணே, மறந்துட்டீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் ஒன்றைச் சொல்லிச் சிரித்து அதை அப்படியே கடந்துவிட்டிருக்கலாம். நாக்கு தயாராகத்தான் இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டேன். எத்தனை கஷ்டமான வேலை அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மூட்டை தூக்கியதில்கூட எனக்கு அப்படி முதுகு வேர்த்ததில்லை.

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. அவன் ஷட்டர் கம்பியைக் கீழே வைத்தான். கையைப் பேன்ட்டில் துடைத்தான். பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற பையன் மாதிரி நேராக நின்றான்.

"எம். சோலைராஜ்ண்ணே."

குரலில் கொஞ்சம் பயம் இருந்தது. வேலையை விட்டு நிறுத்தப்போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ. "ம்" என்று எழுந்தேன். வழியில் வேறு யாராவது பேச்சுக் கொடுத்து மறந்துவிடக் கூடாதே என்று சோலைராஜ், சோலைராஜ் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மாடி ஏறினேன்.

ஆறு பாயிலும் பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் என்னைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். யாழினி பலகைத் துடைப்பானைக் கையில் எடுத்துத் தயாராக நின்றாள்.

"சோலைராஜ்" என்றேன். பிறகு அவன் சொன்ன மாதிரியே முழுசாகச் சொன்னேன். "எம். சோலைராஜ்."

கனிஷ்கா மறுபடியும் கையைத் தூக்கியது.

"எம்-னா என்ன தாத்தா?"

அவன் அப்பாவுக்கு ஒரு பெயர் இருக்கும் என்பதை நான் யோசித்திருக்கவே இல்லை. வாயைத் திறந்தேன், 'வந்துரும்' என்று வந்தது, மூடிக்கொண்டேன். யாழினிதான் முதலில் சிரித்தாள். அடுத்து கனிஷ்கா. திரும்பி வந்த பிறகு அந்தப் பிள்ளை சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். ஓரத்துப் பல் ஒன்று விழுந்திருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, ஒன்று நிறுத்தினால் மற்றது தொடங்கிச் சிரித்தன.

டீச்சர் சிரிக்கவில்லை. எழுந்து நின்றவர் புடவையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நான் கடைக்கு இறங்கினேன்.